பவளத் தொட்டியின் பகைவன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

தட்டைப்புழு என்றதும் விலங்கியல் மாணவர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவன, செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் ஈரல் புழுவும் நாடாப்புழுவும்தான். பிற துறை நண்பர்களுக்குப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்கள் ஈரல் புழுவின் வேலையை அறியாமல் இருக்க முடியாது. தாடையின் கீழ் நீர் கோத்து, மெலிந்து, ஒருநாள் படுத்துவிடும் ஆட்டைப் பார்த்தவர்கள்தாம் நம்மில் பலர். இக்கட்டுரை ஆட்டின் ஈரலில் வாழும் புழுவைப் பற்றியதன்று. கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறு கடலை உண்டாக்கி, அதில் பவளமும் மீனும் வளர்ப்போரின் தூக்கத்தைக் கெடுக்கும் அதன் உறவினர்களைப் பற்றியது.

மேற்கே மலையைத் தவிர வேறொன்றும் தெரியாத செட்டியார்பட்டிக்காரனுக்குக் கடற்புழுவிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

பவளம் என்பது கல்லன்று, செடியுமன்று, விலங்கு. சுண்ணாம்புக் கூடு கட்டி, அதற்குள் கூட்டம் கூட்டமாக வாழும் சிறிய உயிர்கள் அவை. அவற்றின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, தான் தங்கியிருக்கும் பவளத்திற்கும் பங்கு தருகிறது. ஆகவே ஒளி மறைந்தால் பவளம் பட்டினி கிடக்கும். ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25 முதல் 27 பாகை செல்சியசு வெப்பம், ஓயாத நீரோட்டம், நல்ல ஒளி ஆகிய அனைத்தும் அமைந்தால்தான் தொட்டியில் பவளம் பிழைக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் கற்பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்திற்கும் உண்டு. தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே போயின. 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. எனவே இதைப் படிக்கும் எவரும் மண்டபம் பக்கம் போய்ப் பவளக் கிளையை ஒடித்து வந்து தொட்டியில் வைக்க எண்ண வேண்டாம். பவளத் தொட்டி வளர்ப்பு பெரும்பாலும் வெளிநாடுகளின் பொழுதுபோக்கு. புழுவும் அங்கேதான் பெருந்தொல்லை.

இனிப் புழுவுக்கு வருவோம். தொட்டிக்காரர்கள் எல்லாவற்றையும் 'தட்டைப்புழு' என்ற ஒரே பெயரால் அழைத்தாலும், தொல்லை தருபவை இரண்டு வெவ்வேறு இனங்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் போதாது.

முதலாவது செம்பழுப்புப் புழு. 'கன்வால்யூட்ரிலோபா' என்பது அதன் பேரினப் பெயர். சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பின்முனையில் மூன்று வால்கள் போன்ற நீட்சிகள் உண்டு. இந்தப் பேரினத்தையே 1988இல்தான் ஹெண்டல்பெர்க், அக்கேசன் என்னும் இருவர் முதன்முதலாக விவரித்தனர். அவர்களுக்கு அப்புழு கிடைத்த இடம் கடலன்று, ஒரு மீன்தொட்டி! இதன் இனப்பெருக்கம் வேடிக்கையானது. தாயின் பின்முனையிலிருந்து, தாய்க்கு எதிர்த்திசையில் தலை வைத்துக் குட்டி முளைக்கிறது. பிறகு பிரிந்து போகிறது. துணை தேவையில்லை. ஒரு கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு புழு வந்தாலும் போதும், சில வாரங்களில் கண்ணாடி முழுதும் துரு பிடித்தாற்போல் ஆகிவிடும்.

இது பவளத்தைத் தின்பதில்லை என்பதுதான் வியப்பு. தன் உடலுக்குள்ளும் பாசியை வைத்திருப்பதால் வெயில் காயும் ஓணான் போல ஒளியுள்ள இடத்தைத் தேடிப் போய்ப் படுக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் பவளத்தின் முதுகாக இருக்கும். நூற்றுக்கணக்கில் போர்வை போல் படர்ந்தால் அடியிலுள்ள பவளத்திற்கு ஒளி கிடைக்காது. மேலும் அதன் உடலில் நஞ்சு உண்டு. உயிரோடு இருக்கும்வரை அவ்வளவு தீங்கில்லை. ஒரே வேளையில் திரளாகச் செத்தால் அந்த நஞ்சு நீரில் கலந்து மீன்களையும் சாய்த்துவிடும். ஆகவே இதைக் கொல்வதைவிடக் கொன்றபின் தொட்டியைக் காப்பதே கடினம்.

(பழைய பாடநூல்களில் இது தட்டைப்புழுத் தொகுதியில், டர்பெல்லேரியா வகுப்பில் இருக்கும். அசீலா என்னும் இக்குழுவுக்குக் குடற்குழியே கிடையாது; பெயரின் பொருளும் அதுதான். 1999இல் வெளியான மரபணு ஆய்வு, அசீலா தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்ததே அன்று என்று காட்டியது. தேர்வில் எதை எழுதுவது என்பதை ஆசிரியர்களிடமே கேட்டுக்கொள்ளவும்.)

இப்போது நான் சொல்வதாகக் கூறிய காரணம். என் பெரியப்பா மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் குழாய் வேலைக்கென்று துபாய் சென்றவர். இப்போது அங்கே வீடுகளில் உள்ள கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். சென்ற ஆண்டு ஓர் இரவில் வாட்சப்பில் படம் அனுப்பி, "தம்பி, நீ விலங்கியல்தானே படிக்கிற? இது என்ன புழுன்னு உங்க சார்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். தொட்டியின் சொந்தக்காரர் கொதிப்பில் இருந்தாராம். பவளத்திற்குச் செலவிட்ட பணம் அண்ணனின் ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இங்கே இன்னும் அடையவில்லை. வேலை போனால் பெரியம்மா தளவாய்புரத்துக்கு நைட்டி தைத்துத்தான் வட்டி கட்ட வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த எங்கள் ஆசிரியர் மூன்று வால்களைக் கண்டவுடன் இனத்தைச் சொல்லிவிட்டார். மருந்தின் பெயரைக் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. லெவமிசோல்! 1960களில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் அதே மருந்து. புழுவின் தசைகளை இறுக்கிச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. கடல் தொட்டிக்கென்று விற்கப்படும் புழுக்கொல்லிகளும் உண்டு. எதுவானாலும் அளவு அதனதன் சீட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் அன்றே மருந்தை ஊற்றச் சொன்னார். அண்ணன் நான்கு நாள் தவணை கேட்டார். அந்த நான்கு நாள்தான் தொட்டியைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஒவ்வொரு நாளும் மெல்லிய ரப்பர் குழாயை வைத்து, மண்ணெண்ணெய் டின்னிலிருந்து இறக்குவது போல, புழுக்களை நீரோடு உறிஞ்சி வெளியே எடுத்தார். குழாயின் மறுமுனையில் துணியைப் பலமடிப்பாகக் கட்டிவிட்டால் புழு துணியில் தங்கும். நீரைத் திரும்பத் தொட்டியில் விடலாம். நம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி இதற்கு உகந்தது என்று சொல்லிச் சிரித்தார். புழு பெரும்பகுதி குறைந்த பின்னரே மருந்து. முன்னேற்பாடாகத் தொட்டியில் பாதி அளவுக்குப் புதிய உப்புநீர் கலக்கித் தயாராக வைத்தார். கிளர்வூட்டப்பட்ட கரியையும் வாங்கி வைத்துக்கொண்டு, காற்றுக்குழாயைக் கூட்டினார். மருந்து விட்ட அரைமணியில் எஞ்சிய புழுக்கள் சுருண்டு உதிர்ந்தன. உதிர உதிர உறிஞ்சி எடுத்தார். பிறகு கரியின் வழியே நீரை ஓடவிட்டுப் பாதி நீரை மாற்றினார். ஓர் இறால் மட்டும் செத்தது. எட்டு நாள் கழித்து மூலையில் சில புழுக்கள் தென்பட, மறுபடி ஒருமுறை. மருந்தால் மணலில் வாழும் நல்ல புழுக்களும் மடியும் என்பதை மறக்கலாகாது.

மருந்து வேண்டாம் என்போர்க்கு இயற்கை வழி உண்டு. 'செலிடோனூரா வேரியன்ஸ்' என்னும் கருநீலக் கடல் நத்தை அசீலாப் புழுக்களையே உண்டு வாழ்கிறது. வேறெதையும் தொடாது. புழு தீர்ந்ததும் நத்தை பட்டினியால் சாகும். இதை வாங்கி விடுவதை நான் ஏற்கமாட்டேன். ராஸ் மீன்களில் சில புழுவைக் கொத்தித் தின்னும். ஆனால் எல்லா மீனும் தின்னும் என்று உறுதியில்லை. தீனியை அளவாகப் போடுவதும், நீர் தேங்கும் மூலைகளில் ஓட்டத்தைக் கூட்டுவதும் செலவில்லாத வழிகள்.

இரண்டாவது புழு உண்மையான தட்டைப்புழு, உண்மையான கொலையாளியும்கூட. அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தைத் தின்று வாழ்கிறது. இது 2011இல்தான் விவரிக்கப்பட்டது; 2019 முதல் 'புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே' எனப்படுகிறது. பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய வட்டமான கடித்தடங்களும், திசு போன வெறுங்கூட்டின்மேல் இட்ட முட்டைக் கொத்தும்தான் அடையாளம். பவளத்தை வெளியே எடுத்து மருந்து நீரில் முக்கி, வேகமாக நீரைப் பீய்ச்சினால் வளர்ந்த புழுக்கள் உதிரும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அல்லது முட்டையுள்ள பகுதியை வெட்டி எறிய வேண்டும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பெரிதும் உதவுகிறது. 27 பாகை வெப்பத்தில் முட்டை சராசரியாக 11 நாளில் பொரிகிறது. ஒரு தலைமுறைக்குக் குறைந்தது 38 நாள். 24 பாகையில் அதுவே 64 நாள் ஆகிறது. பொரித்த குஞ்சு பவளமே இல்லாமல் 9 நாள்வரை தாங்கும். இக்கணக்கை வைத்துக்கொண்டால், ஒருமுறை முக்கிவிட்டு ஓய்வதால் பயனில்லை என்பதும், பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுமுன் மீண்டும் மீண்டும் முக்க வேண்டும் என்பதும் விளங்கும். ஆறுகோட்டு ராஸ் மீன் இப்புழுவைத் தின்றாலும் முட்டையைத் தொடுவதில்லை. லிஸ்மாட்டா இனத்து இறால் ஒன்று முட்டையையும் தின்பதாக அடுத்து வந்த ஆய்வு கண்டது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளக் கிளைகளை நட்டு வளர்த்து வருகிறது. பவளத்தை நாற்றுப்போல் வளர்க்கும் இக்காலத்தில் அதன் பூச்சி நோயை அறிவது தொட்டி வைத்த செல்வர்க்கு மட்டும் உரியதன்று.

புதிதாக வாங்கிய பவளத்தையோ கல்லையோ நேரே பெரிய தொட்டியில் இடாமல், தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதே தலையாய காப்பு. எத்தனை நாள்? கடைக்காரர் ஒரு வாரம் என்பார். மேலே கண்ட கணக்குப்படி ஒரு வாரத்தில் முட்டைகூடப் பொரித்திருக்காது. அண்ணன் இப்போது நாற்பது நாள் வைக்கிறார். உறிஞ்சி எடுத்த புழுவையும் நீரையும் கடலிலோ கால்வாயிலோ கொட்டாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து ஒருநாள் வைத்த பிறகே சாக்கடையில் விடுகிறார்.