இரும்பு காட்டும் நிறங்கள்

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் வளைவில் மஞ்சளும் ஊதாவும் நீலமும் கலந்து தெரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே யாரும் நிறம் பூசவில்லை. அது சூடு தந்த நிறம்.

உருக்கைச் சூடாக்கும்போது அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமாகிறது. படலத்தின் மேற்புறத்தில் தெறிக்கும் ஒளியும் அடிப்புறத்தில் தெறிக்கும் ஒளியும் சந்திக்கையில் சில நிறங்கள் அழிந்து மற்றவை எஞ்சுகின்றன. பௌதிகவியலில் இதைத் தலையீடு என்கிறோம். சவர்க்காரக் குமிழி நிறம் காட்டுவதும் இதனாலேயே. படலம் தடிக்கத் தடிக்க நிறமும் மாறும். ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் இளமஞ்சள், 255இல் கபிலம், 280இல் ஊதா, 300இல் நீலம். அதற்கு மேல் சாம்பல் நிறமாகிவிடும்.

இதை வீட்டிலும் செய்யலாம். நான் எடுத்தது உம்மாவின் பழைய தையல் ஊசிகள். முதலில் அரத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் சவர்க்காரமிட்டுக் கழுவி, உலர்த்த வேண்டும். விரல் பட்ட இடத்தில் நிறம் திட்டுத்திட்டாக வரும். பழைய தாச்சியில் உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் ஊசியை வைத்து, மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள். மணல் சூட்டைச் சீராகப் பரப்பும். விரும்பிய நிறம் வந்தவுடன் குறட்டால் எடுத்துத் தண்ணீரில் போட்டால் நிறம் அப்படியே நிற்கும். பின் துடைத்துச் சிறிது எண்ணெய் பூசுங்கள்; இல்லையேல் துருப்பிடிக்கும்.

பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். பர்தாவின் ஓரத்தைச் செருகிக்கொள்ளுங்கள். நாகம் பூசிய பளபளப்பான ஆணிகளைச் சூடாக்க வேண்டாம். மிகுந்த சூட்டில் எழும் நாகப் புகை உடலுக்குத் தீங்கு.

இந்த நிறம் அழகுக்கு மட்டுமல்ல. செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த உருக்கு மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடிபோல் உடையும். அதை மீண்டும் அளவாகச் சூடாக்கினால் உறுதி பெறும். வெப்பமானி இல்லாத கொல்லர்கள் அந்த அளவை நிறத்தைப் பார்த்தே அறிந்தார்கள். கூர் நிற்கவேண்டிய சவரக்கத்திக்கு இளமஞ்சள், வளைந்து நிமிரவேண்டிய சுருளிவில்லுக்கு நீலம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் சரந்தீப் எனும் நம் இலங்கையின் உருக்கையும் குறிப்பிட்டுள்ளார். அத்தனை பழமையானது இந்நாட்டின் உருக்குத் தொழில்.

எனவே, வெட்டவேண்டிய பொருளை அழகுக்காக நீலமாக்காதீர்கள். முள் எடுப்பதற்காக விளக்கில் சிவக்கக் காய்ச்சிய ஊசி, பிறகு தைக்கும்போது வளைவது அதன் கடினம் போனதால்தான். அறுவடைக்கு முன் மின்சாரச் சாணையில் தீட்டிவரும் அரிவாளையும் பாருங்கள். ஓரத்தில் நீலம் தெரிந்தால், அந்த இடம் மென்மையாகிவிட்டது. வயலில் சீக்கிரம் மழுங்கும். தீட்டும்போது இடையிடையே தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள்.