திறக்காத காவடி

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள், கிள்ளானில் உள்ள என் கடைக்கு ஓர் அக்கா மெமரி கார்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். மகன் 48 நாள் விரதம் இருந்து பத்துமலையில் எடுத்த முதல் காவடி. 272 படியும் ஏறிக் குகைக்குள் போனதும் கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கார்டில் 11 ஜிபி கோப்பு இருக்கிறது, திறந்தால் ஓடவில்லை.

"அழிஞ்சிருச்சா தம்பி?"

"அதுக்கப்புறம் இந்தக் கார்டுல ஏதாச்சும் எடுத்தீங்களாக்கா?"

இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது.

எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் ஓட ஓடப் பதிவாகும். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பைப் பல கேமராக்கள் நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் பேட்டரி போனால் குறிப்பு இராது, படம் இருக்கும். அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கிடைத்தால், 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருள் அதைப் பார்த்துக் குறிப்பைத் திரும்பக் கட்டிவிடலாம். கார்டின் ஓரத்தில் நகத்தால் தள்ளும் குட்டிப் பூட்டு உண்டு. அதைக் கீழே இறக்கி, கார்டை அப்படியே நகலெடுத்து, நகலில்தான் கை வைத்தேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால் தயவுசெய்து 'சரி' என்று அமுக்காதீர்கள்.

தவறிப்போய் அழித்த கோப்புக்கும் இதே கதைதான். அழித்தால் போவது பெயர்ப் பதிவு மட்டும். மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை உள்ளே கிடக்கும், போட்டோரெக் என்ற மென்பொருள் தேடி எடுத்துத் தரும். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும்.

அவசரமாக அழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இடப் பற்றாக்குறை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் 4கே படம் மணிக்கு 45 ஜிபி தின்னும். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலை போய்ச் சேரவோ பல மணி நேரம் ஆகும். கூட்டத்தில் நின்றுகொண்டு பழையதை அழிக்கும்போதுதான் நல்லதும் சேர்ந்து போகிறது. கணினியில் இடம் இல்லையென்றால் உங்கள் படங்களைத் தொடாதீர்கள். எடிட்டிங் மென்பொருள் சேர்த்து வைத்திருக்கும் கேஷ் கோப்புகளை முதலில் அழியுங்கள். அவை மறுபடி தானே உருவாகும்.

2021 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின், தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து ஒருவர் சேறு அப்பிய இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்டுவந்தார். ஒன்று அசல், ஒன்று நகல். இரண்டும் ஒரே அலமாரியில், கீழ்த்தட்டில் இருந்தவை. என்னால் எதையும் மீட்க முடியவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

சனிக்கிழமை அக்கா வந்தார். கடைசிச் சில நொடிகள் தவிர எல்லாம் ஓடியது. இரண்டு தம்ப் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மற்றதை ஈப்போவில் இருக்கும் மூத்த மகளுக்கு அனுப்ப உறை கேட்டு வாங்கினார்.