உங்களுக்குத் தெரியுமா? துருவ ஒளியின் எலக்ட்ரான்கள் புறப்படும் இடம்

துருவ ஒளியை ஏற்றும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை சூரியனிலிருந்து நேராக வந்து விழுவதில்லை. பூமியின் இரவுப் பக்கத்தில் நெடுந்தூரம் நீளும் காந்த வாலில் அவை முதலில் சேர்கின்றன. அங்கே காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது பூமியை நோக்கி உந்தப்படுகின்றன. 2008 பிப்ரவரியில் நாசாவின் 5 தெமிஸ் செயற்கைக்கோள்கள் அந்த இணைப்பைப் பதிவு செய்தன. இடம், நிலவுக்குப் போகும் தொலைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

விட்டுவிட்டுத் துடிக்கும் துருவ ஒளியின் கதை இன்னும் அழகானது. காந்த மண்டலத்தில் 'கோரஸ்' என்னும் மின்காந்த அலைகள் உண்டு. அவற்றை ஒலியாக மாற்றினால் விடியற்காலைப் பறவைகளின் கீச்சொலி போலக் கேட்கும். இந்த அலைகளே எலக்ட்ரான்களைத் திசைமாற்றி வளிமண்டலத்தில் கொட்டுகின்றன. ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் இதை நேரடியாகக் கண்டது. முடிவு 2018இல் வெளியானது.

நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் ஏன் இந்த ஒளி இல்லை? காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் இங்கே காந்தக் கோடுகள் ஏறக்குறைய படுத்தே கிடக்கின்றன. அந்த வாலை எட்டுவதில்லை. எலக்ட்ரான்கள் இறங்கி வர வழியே இல்லை.

காந்தப் புயல் கடுமையானால் ஒளி தெற்கே இறங்கும். 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. 1872 பிப்ரவரி 4 புயலின்போது பம்பாயிலேயே துருவ ஒளி பதிவாகியிருக்கிறது.