ஆர்க்கிட் இலையில் கறுப்பா? கத்தரியை எடுக்குமுன்...

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த இளம் பெண்மணி ஒருவர், கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினார். "மாமா, கல்யாண நாளுக்கு இவர் வாங்கிக் கொடுத்த ஆர்க்கிட். இலையெல்லாம் இப்படி ஆயிடுத்து. ஏதாவது மருந்து அடிக்கணுமா?" இலையில் ரசம் ஆறிப்போகும் வரை பேசினோம். அதையே சற்று விரிவாக எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதால் இக்கட்டுரை.

நான் தாவரவியல் படித்தவனல்லன். உத்தியோகம் நிமித்தம் கொல்கத்தாவுக்கு வந்து, ஓய்வு பெற்று, மூன்றாம் மாடி பால்கனியில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆர்க்கிட் வளர்ப்பவன். கொன்று கொன்று கற்றுக்கொண்டவன் என்று சொன்னாலும் தவறில்லை. முதல் பலி, என் மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய வெள்ளைப் பூ ஃபெலனாப்சிஸ். பூக்கடைகளில் பரிசுத் தொட்டியாக விற்கிறார்களே, அகன்ற இலையும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூவும் கொண்ட அதே ரகம்தான். அதன் இலைகள் சுருக்கம் விழுந்து துவண்டு தொங்கின. பாவம், தாகம் என்று எண்ணிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் வாரம் லேசாகத் தொட்டதும் செடி கையோடு வந்துவிட்டது. வேர்களெல்லாம் அழுகி, மேல்தோல் கழன்று, நடுவிலிருந்த நார் மட்டும் நூலாகத் தொங்கியது.

தாகத்தால் வாடும் இலையும், வேர் அழுகியதால் வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றே. இரண்டிலும் இலைக்கு நீர் போய்ச் சேரவில்லை. ஆனால் ஒன்றுக்குத் தண்ணீர் மருந்து, மற்றதற்கு அதுவே விஷம். வித்தியாசம் தொட்டிக்குள்தான் தெரியும். நல்ல வேர் விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. கெட்டது பழுப்பாகி, அழுத்தினால் கொழகொழக்கும். அன்று ஒரு நிமிடம் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அந்தச் செடி பிழைத்திருக்கும். அழுகிய வேர்களை மட்டும் வெட்டி எறிந்து, புதிய மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்டு நட்டு, நிழலில் வைத்துத் தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும். மகளிடம் அதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. "பூத்து முடிந்துவிட்டது" என்றதோடு சரி.

இலையில் புள்ளியோ கறுப்போ கண்டால் நான் இப்போது முதலில் எடுப்பது பேனாவைத்தான். கறையின் ஓரத்தை ஒட்டி மையால் ஒரு கோடு வரைந்துவிடுவேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்ப்பேன். கறை கோட்டுக்குள்ளேயே நின்றால் பதற்றம் வேண்டாம். கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே வேலை இருக்கிறது.

நிற்கும் கறைகளில் பெரும்பாலானவை வெயில் சுட்டவை. ஏப்ரல், மே மாதங்களில் கம்பிக்குள் நுழையும் பிற்பகல் வெயில் ஒரே நாளில் இலையை வேகவைத்துவிடும். சூரியனைப் பார்த்த பக்கத்தில் மட்டும் முதலில் வெளுத்து, பிறகு பழுப்போ கறுப்போ ஆகிக் காகிதம் போல் உலரும். அதற்கு மருந்து அடிப்பது வீண். செடியை நகர்த்துங்கள், அல்லது ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். வடு ஆறாதுதான், ஆனால் மீதமுள்ள பச்சை செடிக்குச் சோறு போடும், ஆகையால் இலையை வெட்டாதீர்கள். நுனி மட்டும் கருகினால் பெரும்பாலும் உப்பின் வேலை. எங்கள் கட்டடத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீர். வாளியிலே வெள்ளைப் பொருக்கு படியும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றத் தொடங்கி, உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காகக் குறைத்த பிறகு வந்த இலைகளில் நுனி கருகவில்லை. அடி இலை ஒன்று மட்டும் மெல்ல மஞ்சளாகி உதிர்வது வெறும் முதுமை.

ஓடும் கறை வேறு ஜாதி. மழைக்காலத்தில், காற்று அசையாத ஜூலை நாட்களில் வரும். எண்ணெய் பட்டது போல் ஈரமாகத் தெரியும். தொட்டால் மெத்தென்று அமுங்கும். சில சமயம் துர்நாற்றமும் உண்டு. இது பாக்டீரியா அழுகல். இரண்டே நாளில் முழு இலையையும் தின்றுவிடும். பிளேடை அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்து, கறைக்கு அப்பால் நல்ல பச்சையிலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயில் சமையலறை லவங்கப்பட்டைப் பொடி தடவலாம். வேரில் மட்டும் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும். சில நாள் இலையில் தண்ணீர் படாமல், மின்விசிறிக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தேங்கிய நீரை இரவுக்குள் துணி நுனியால் ஒற்றி எடுப்பதும் இதற்காகத்தான். குருத்து அழுகினால் அந்தத் தண்டில் புது இலை வராது.

பஞ்சு போல் வெள்ளையாக இலைக்கக்கத்தில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வாரம் ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்தால் போகும். ஆனால் புதிய பூங்காம்பில் பளபளவென்று தேன்துளி நின்று எறும்பு மொய்த்தால் உடனே பூச்சி என்று முடிவு கட்ட வேண்டாம். பல ஆர்க்கிட்டுகள் தாமே இனிப்பு நீர் சுரப்பவை. காம்பைத் திருப்பிப் பாருங்கள், பூச்சி இல்லையேல் விட்டுவிடுங்கள்.

மனம் கஷ்டப்பட்டது ஒரு கேட்லியா விஷயத்தில். எட்டு வருடச் செடி. இலையில் குழிந்த கறுப்புக் கோடுகள், பூவில் நிறம் திட்டுத் திட்டாக உடைந்திருந்தது. தனியே எடுத்து வைத்து ஓராண்டு பார்த்தேன். புது இலையிலும் அதே கோடுகள். வைரஸ் என்பதைக் கண்ணால் மட்டும் நிச்சயிக்க முடியாது, பரிசோதனை வேண்டும். வந்துவிட்டால் மருந்தும் கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தரி அதை அடுத்த செடிக்கும் கொண்டுபோகும். பரிசோதனைக்கு வழியில்லாத நான் மற்ற இருபது தொட்டிகளை நினைத்து அதைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். அன்று முதல் செடிக்கொரு புது பிளேடு, இல்லையேல் தீயில் சிவக்கக் காய்ச்சிய கத்தரி.

இனி அந்த "விபரீத வளர்ச்சிகள்". தொட்டிக்கு வெளியே புழு மாதிரி நீண்டு வரும் வெள்ளைக் குச்சிகளை நோய் என்று நறுக்கிவிடுபவர்கள் ஏராளம். அவை வேர்கள்! மரக்கிளையில் தொற்றி வாழும் செடியாகையால் காற்றில் வேர்விட்டு ஈரத்தை உறிஞ்சும். ஃபெலனாப்சிஸில் அதுவும் பூங்காம்பும் ஒரே இடத்தில்தான் தலைகாட்டும். நுனி உருண்டையாக வழவழப்பாக இருந்தால் வேர். சற்றுத் தட்டையாக, சிறு குழந்தையின் கையுறை போல் இருந்தால் பூங்காம்பு.

காலிம்போங்கிலிருந்து கொண்டுவந்த என் டெண்ட்ரோபியம் நோபிலே (சிக்கிமின் மாநில மலர் இதுதான்) பூ வரவேண்டிய கணுக்களிலெல்லாம் இலைக்கொத்தாய்ப் பிள்ளை போட்டது. இப்பிள்ளைக்கு உலகெங்கும் "கெய்க்கி" என்று பெயர். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். காரணம் என் உபசாரமே. குளிர்காலத்தில் அதற்கு உரம் கூடாது, தண்ணீரும் மிகக் குறைவாகவே வேண்டும். நானோ மார்கழியிலும் போஷித்தேன். அந்தப் பருவத்தில் இலையுதிர்ந்து தண்டு சுருங்கினாலும் பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம்.

பிள்ளையின் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்துத் தனியே நடலாம். என் பால்கனியில் இப்போது அப்படி ஐந்து பிள்ளைகள் இருக்கின்றன. ஒன்று மகளுக்கு. மீதி நான்கும் சங்கத்து அன்பர்களுக்கு. பதிலுக்கு ஆவக்காய் ஊறுகாய் தந்தால் மறுக்க மாட்டேன்.