காருக்கும் ஒரு திரி

ஆடி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பொட்டலில் நிறுத்தியிருந்த காருக்குத் திரும்புகிறது ஒரு குடும்பம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கிறது. ஸ்டீயரிங்கைத் தொட்ட அப்பா கையை உதறுகிறார். சீட் பெல்ட்டின் கொக்கி தொடையில் பட்டுக் குழந்தை வீறிடுகிறது. ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டு எல்லோரும் மறுபடி வெயிலிலேயே நிற்கிறார்கள். ‘நாம் வரும்போதே ஏசி ஓடிக்கொண்டிருந்தால்?’ என்று யாருக்கும் தோன்றும். தூரத்திலிருந்தே பொத்தானால் எஞ்சினை இயக்கும் ரிமோட் ஸ்டார்ட்டரை விற்றுக்கொடுப்பது இந்த ஆசைதான்.

ஆசை நியாயமானது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெம்பி நகரில், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில் கார்களை நிறுத்திவைத்து அளந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு மணி நேர வெயிலில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியையும் ஸ்டீயரிங் 53 டிகிரியையும் எட்டின. உள்ளே இருந்த காற்று 47 டிகிரி. கண்ணாடி வழியே வரும் ஒளியை இருக்கையும் டேஷ்போர்டும் விழுங்கி, வெப்பமாகத் திருப்பி உமிழ்கின்றன. அந்த வெப்பக் கதிரைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. சூடான காற்றுக்கும் போக வழியில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் கந்தக பூமியான சிவகாசியிலும் இதே கதைதான்.

காரை ஸ்டார்ட் செய்யக் கையால் கிராங்க் சுற்றி, அது எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிந்த காலம் ஒன்று உண்டு. 1911-இல் சார்லஸ் கெட்டரிங் மின் ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ஆம் ஆண்டு கேடில்லாக் கார்களில் அது வந்தது. எஞ்சினுக்கு முன்னால் நின்ற கை, ஓட்டுநர் இருக்கைக்கு வந்து சேர்ந்தது. ரிமோட் ஸ்டார்ட்டர் அந்தக் கையைக் காரை விட்டே வெளியே எடுத்துவிடுகிறது.

நெருப்பிலிருந்து கையைத் தள்ளிவைக்கும் வித்தை சிவகாசிக்குப் புதிதல்ல. திரி இருப்பதே அதற்குத்தான். ஆனால் திரியைக் கிள்ளி நெருப்பு வைப்பதற்கு முன் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, கூரை இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று. ரிமோட் பொத்தானை அழுத்துகிறவரின் கண்ணில் பல நேரம் கார் தெரிவதே இல்லை. ‘எவ்வளவு தூரம் எட்டும்?’ என்று கடையில் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ‘நான் அங்கே இல்லாதபோது, எனக்குப் பதிலாக இது எதையெல்லாம் பார்த்துக்கொள்ளும்?’

முதலாவது, கியர். மேட்டில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கு என்று ஓட்டப் பழகும்போதே சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் கியரில் கிடக்கும் காரை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை முன்னால் தள்ளும்; எஞ்சின் பிடித்துக்கொண்டால் கார் கிளம்பியே போகும். இதைத் தடுக்கத்தான் புதிய கார்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்ச் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் கருவி, மேனுவல் காரில் அந்த சுவிட்சை ஏமாற்றித்தான் வேலை செய்ய முடியும்.

ஏமாற்றிய காவலுக்கு மாற்றாக நல்ல கருவிகள் ஒரு முறையை வைத்திருக்கின்றன. எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ரிமோட்டுக்குத் தயார் செய்துவிட்டு இறங்க வேண்டும். கதவுகள் மூடிய பிறகு கருவியே எஞ்சினை நிறுத்தும். அதன் பின் ஒரு கதவு திறந்தாலும், யாரோ உள்ளே போய் கியரைத் தொட்டிருக்கலாம் என்று கருதி ரிமோட் ஸ்டார்ட்டை ரத்து செய்துவிடும். இந்த முறை இல்லாத கருவியை மேனுவல் காரில் பொருத்தவே கூடாது. ‘பார்க்’ நிலை உள்ள ஆட்டோமேட்டிக் காரில் சிக்கல் குறைவு.

இரண்டாவது, வயரிங். ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த வயர்கள் தெரியும். பேட்டரியிலிருந்து வருவது, டேஷ்போர்டுக்குப் போவது, ஸ்டார்ட்டருக்குப் போவது எனத் தனித்தனி. இவற்றில்தான் கருவி சேர்கிறது. வயரின் தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால், ஆறு மாத அதிர்விலும் சூட்டிலும் இணைப்பு தளர்ந்து அங்கேயே சூடேறும். கார் வயரிங் தீப்பிடிப்பதற்கு இப்படிப்பட்ட ஒரு சுற்று டேப் போதும். ஈயப்பற்று வைத்த அல்லது அழுத்திப் பொருத்திய இணைப்பும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் அவசியம்.

அதே இடத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்றைய கார் உயிர்பெறும். அதைச் சமாளிக்க, உபரிச் சாவியின் சிப்பை எடுத்து டேஷ்போர்டுக்குள்ளேயே ஒளித்து ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்குச் சமம் இது. காரின் வாரண்டிக்கும் கேடு. ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் போன்றவற்றின் உயர்ரக மாடல்களில் கம்பெனியே ரிமோட் ஸ்டார்ட் தருகிறது. வாங்கப்போகும் குடும்பம் அதைத் தேர்வதே நல்லது.

மூன்றாவது, கார் நிற்கும் இடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சின் நிறுத்தப்பட்டு பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. மக்கள் வந்துபோகும் கோயில் பொட்டலும் பொது இடம்தான். எங்கே ஆசை அதிகமோ அங்கேதான் சட்டம் கையைப் பிடிக்கிறது.

சொந்த வீட்டு ஷெட்டில் வேறு ஆபத்து. ஷட்டர் இறக்கிய ஷெட்டில் பெட்ரோல் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமில்லை, நிறமில்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாவியைத் திருகாமல் பொத்தானால் இயங்கும் கார்களை நிறுத்த மறந்து, கராஜிலிருந்து வீட்டுக்குள் பரவிய இந்த வாயுவால் அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். பையில் சாவியோடு கிடக்கும் ரிமோட் தவறுதலாக அழுந்தினாலும் இதே விளைவுதான். பத்து நிமிடத்தில் தானே நிற்கும் வசதியும், பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்தான் ஏற்கும் அமைப்பும் இதனால்தான் முக்கியம்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யும் சூடு 300 டிகிரிக்கும் மேலே. கந்தகமோ சுமார் 232 டிகிரியில் தானே பற்றிக்கொள்ளும். பட்டாசு ஆலை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு மருந்து அறைக்குள் போகிற ஊர் இது. ஆலை, குடோன், வெடிக்கடை, காய்ந்த புல் ஆகியவற்றின் அருகே ஆளில்லாமல் ஒரு எஞ்சின் தானாக உயிர்பெறுவதற்கு இங்கே இடமே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் காரில், கருவியை அடியோடு அணைத்துவைக்கும் சுவிட்ச் கட்டாயம்.

அரிசோனா ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. நிழலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு 48 டிகிரிதான், உள்காற்று 38. நிழல் ஒன்றே டேஷ்போர்டில் 21 டிகிரியைக் குறைத்துவிடுகிறது. ஸ்டீயரிங் மேல் ஒரு துண்டு போட்டு, கிளம்பும்முன் ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கக் கதவை நாலைந்து முறை விசிறிபோல் ஆட்டினால் அனல் பெருமளவு வெளியேறிவிடும். இதற்குச் செலவே இல்லை.

அதற்கு மேலும் ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டுமென்றால், பொருத்திய அன்றே சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெக்கானிக் முன்னால் மூன்று முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு ஒருமுறை. பானெட்டைத் திறந்துவைத்து ஒருமுறை. தயார் செய்தபின் ஒரு கதவைத் திறந்து மூடிவிட்டு ஒருமுறை. மூன்று முறையும் கார் அசையாமல் கிடக்க வேண்டும். ஒருமுறை உறுமினாலும், கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.