கல்லிடுக்கில் ஒளியும் மீனைப் பிடிப்பது எப்படி?

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்கும் வீடுகள் இப்போது பல இருக்கின்றன. உப்புத் தண்ணீர், கற்குவியல், நீலமும் மஞ்சளுமாக நீந்தும் மீன்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதிலிருந்து ஒரே ஒரு மீனை வெளியே எடுக்க வேண்டும் என்றால் அப்போது தெரியும் சங்கதி!

டாம்சல் என்று ஒரு சின்ன மீன். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு கல்லைத் தன் இடம் என்று பிடித்துக்கொண்டால் வேறு மீனை அண்டவிடாது. துரத்தித் துரத்திக் கடிக்கும். கடி வாங்கிய மீன் இரை எடுக்காமல் மூலையில் கிடந்து செத்தும் போகும். ஆகவே இந்த முரடனை அப்புறப்படுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் வலையைத் தண்ணீரில் விட்டதுமே ஐயா இடுக்குக்குள் போய்விடுவார். கல்லை எல்லாம் கலைத்தால் தண்ணீர் கலங்கிவிடும். குற்றம் செய்யாத மீன்களும் சேர்ந்து தவிக்கும்.

என்ன செய்வது? ஏரிக்கரைக்குப் போய்ப் பார்ப்போம்.

பல்லில் கவ்விய பறி

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வரும், திரும்பப் போகும்.

இந்த ஏரியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். வலை கிடையாது. தூண்டில் கிடையாது. ஆழமில்லாத இடத்தில், தண்ணீருக்குள் குந்தியபடியே மெல்ல நகர்ந்து போகிறார்கள். இரண்டு கைகளும் சேற்றைத் தடவுகின்றன. பனை ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். விரலில் இறால் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை? விரல்தான் பார்க்கிறது. சேற்றில் கிடக்கும் சிப்பி கையைக் கிழிக்கும். அதற்காக நிறுத்த முடியுமா? அன்றைக்கு வீட்டில் உலை கொதிப்பது அந்தப் பறியை நம்பித்தான்.

வலைக்காரர்களும் மீனை விரட்டிக்கொண்டு ஓடுவதில்லை. நீரோட்டம் எந்த வழியாக இறாலைக் கொண்டுவரும் என்று அறிந்து, அங்கே கழி நட்டு வலை கட்டுகிறார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கமும் இந்த ஏரியில் உண்டு. அதற்குப் "பாடு" என்று பெயர்.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் இன்னொரு யுக்தி. மரக்கிளைகளை வெட்டித் தண்ணீருக்குள் குத்திவைப்பார்கள். நல்ல மறைவிடம் கிடைத்தது என்று மீன்கள் வந்து குடியேறும். சில வாரம் கழித்துச் சுற்றிலும் வலை கட்டிக் கிளைகளை எடுத்துவிடுவார்கள். அப்புறம் மீன் எங்கே போகும்?

வீட்டுத் தொட்டியில்

மீனின் உடம்பில் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். தண்ணீர் அசைவதை அந்தக் கோட்டால் மீன் உணர்ந்துகொள்ளும். அதனால்தான் கையை வேகமாக ஆட்ட ஆட்ட மீன் ஓடுகிறது.

முதலில் பொறியைச் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி, மேல் பகுதியை வெட்டுங்கள். வெட்டிய பகுதியைத் தலைகீழாக்கி, வாய் உள்நோக்கி இருக்கும்படி பாட்டிலுக்குள் செருகுங்கள். உள்ளே இரை போட்டுத் தொட்டியில் வையுங்கள். மீன் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழி தெரியாமல் சுற்றும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள், மேல் பகுதியைச் செருகாமல், வெறும் பாட்டிலிலேயே இரை வைத்துப் பழக்கினால் சந்தேகம் தீரும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் பொறி பயனில்லை என்கிறார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் இரவு வரை காத்திருங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் போனதும், டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் சுற்றிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் பல மீன்களை அவ்வளவாகக் கலைப்பதில்லை. மீன் எந்தக் கல்லில் தூங்குகிறதோ அந்தக் கல்லை மட்டும் தூக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் வைத்தால் மீனும் கூடவே வந்துவிடும். சில வகை மீன்கள் மணலில் புதைந்து தூங்கும்; அவற்றுக்கு இது பலிக்காது.

ஓரா மீனை வெறுங்கையால் தொடாதீர்கள். முள்ளில் விஷம் உண்டு. வலையிலும் முள் சிக்கிக்கொள்ளும். டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுப்பதே நல்லது.

கல் என்றதும் பவளப்பாறையைத் தேடிப் போக வேண்டாம். பாறை கட்டும் பவளங்களை எடுப்பதும் விற்பதும் 2001-ம் ஆண்டு முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுட்ட மண் ஓடு மீனுக்குப் போதும்.

பிடித்த முரடனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். தனித் தொட்டியிலும் வைக்கலாம். ஏரியிலோ கடலிலோ விடக் கூடாது. நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985-ம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் தென்பட்டது. வளர்த்தவர்கள் விட்டதாகவே நம்பப்படுகிறது. இன்று அது அந்தப் பக்கத்துப் பாறைகளில் பெருகி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.