பெரிய வீட்டை இடிப்பது யார்?

மயிலாப்பூர் லஸ், ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம் பக்கம் போனால் மாமரமும் கிணறும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட குடும்ப வீடுகள் இன்னும் சில கண்ணில் படும். அவற்றில் ஒன்று இடிபடும்போதெல்லாம் ‘பிள்ளைகளுக்குப் பணத்தாசை’ என்றே பேச்சு எழுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை. இடிக்கச் சொல்வது கட்டட விதி போட்ட கணக்கு. ஐந்து கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். கிரவுண்டுக்கு 2,400 வீதம் 12,000 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகள், அதிக உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதை, 1.5இலிருந்து 2 ஆக்கின. அந்த மனையில் 24,000 சதுர அடி கட்டலாம். பழைய வீடு 5,000 சதுர அடி என்று வைத்தால், 19,000 சதுர அடி உரிமை சும்மா கிடக்கிறது. பில்டரோடு பாதிக்குப் பாதி ஒப்பந்தம் போட்டால் நான்கு வாரிசுகளுக்கு ஆளுக்கு 3,000 சதுர அடி. வீட்டை அப்படியே வைத்திருந்தால் ஆளுக்கு ஓர் அறையும் கொஞ்சம் மனஸ்தாபமும்.

அந்தக் காலத்தில் மட்டும் வீடு எப்படிப் பிரியாமல் இருந்தது? ஒற்றுமை என்பார்கள். சட்டப் புத்தகம் வேறு காரணம் சொல்கிறது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. மகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமைகூட, மணமாகாதவராகவோ விதவையாகவோ கணவரைப் பிரிந்தவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால்தான். 2005இல்தான் அந்தப் பிரிவு நீங்கியது. ஏக்கத்தோடு நாம் அண்ணாந்து பார்க்கும் வீடுகள் சில, மகள்கள் வாய் திறக்க முடியாததால் நின்றவை. அந்த ஏற்பாட்டைத் திரும்பக் கேட்க யாருக்கும் நியாயம் கிடையாது. ஆனால் பங்கைச் சமமாக்கிய சட்டம், வீட்டை இடிக்காமல் பங்கிட வழி சொல்லவில்லை. வழக்குப் போட்டாலும், பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பகிர்ந்து தர 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. அப்படி விற்றால் வாங்க வருபவர் பெரும்பாலும் பில்டர்தான்.

நகரின் நடுவே ஒரு குடும்பத்துக்கு ஐந்து கிரவுண்டு எதற்கு, பதினாறு குடும்பங்கள் வரட்டுமே என்ற கேள்வி வலுவானது. தாம்பரத்துக்கு அப்பாலிருந்து தினமும் ரயிலேறி வருபவரிடம் தோட்ட வீட்டின் அழகைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஆழ்வார்பேட்டையில் எழும் புது ஃபிளாட்டை அவர் வாங்கப்போவதில்லை. நிலத்தின் விலை அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். தவிர, கார் நிறுத்துவதற்காக மனை முழுக்கத் தோண்டிவிட்டால் மரம் வேர்விட மண் ஏது? 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், மழையைத் தானாகவே குடித்துவந்த தோட்டம் தளப்பரப்புக் கணக்கில் கட்டாமல் விட்ட பரப்பாக மட்டுமே தெரிகிறது.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற வேண்டியதில்லை. உத்திரம் உளுத்து, காரை பெயர்ந்து நிற்பவை போகட்டும். காக்கத் தக்க வீட்டின் உரிமையாளர், தன் மனையில் கட்டாமல் விட்ட பரப்பை வேறோர் இடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம் என்று விதி செய்தால், அந்தப் பணம் மகன், மகள் எல்லோருக்கும் பாகமாகும், வீடும் நிற்கும். மும்பையின் பாரம்பரியக் கட்டட விதிகளில் 1995இலேயே இதற்கு இடமிருந்தது.